குண்டூசிக்கு ஒரு காலர் மைக்

மைக்செட்டுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். ஊரில் கல்யாணமோ கட்சிக் கூட்டமோ காணாமல் போன மாட்டைப் பற்றிய அறிவிப்போ, எதுவானாலும் ஒலிபெருக்கி அவனுடையதுதான். அவன் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஸ்பீக்கர் பெட்டிகள், ஒயர்ச் சுருள்கள், வாய் பிளந்து கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர்கள். நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தச் சத்தம் எங்கே இரைகிறது, எங்கே கம்முகிறது என்று காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். சத்தம் நின்றுபோனால் அவன் முதலில் செய்வது ஒயரைத் தொட்டுப் பார்ப்பது. அடுத்தது பேட்டரியைக் கழற்றுவது. பேசுகிறவனுக்கு என்ன ஆயிற்று என்று நிமிர்ந்து பார்ப்பதெல்லாம் கடைசியில்தான். ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் பேச்சு மறந்துபோய் மேடையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். இவன் ஓடிப்போய் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிப் பேட்டரியை மாற்றிக் கொடுத்தான். அவரும் நன்றி சொல்லிவிட்டு அப்படியே பேச்சை முடித்துக்கொண்டார். இதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்திருக்கிறது.

அனல்மின் நிலையத்தை அவன் எதிர்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் காற்று, நீர், வருங்காலத் தலைமுறை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். அவனுடைய ஸ்பீக்கர்கள் வீணாய்ப் போயின. அவ்வளவுதான் காரணம். ஊருக்குக் கிழக்கே நின்ற இரண்டு புகைபோக்கிகளிலிருந்தும் சாம்பல் வந்து பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. யார் பேசினாலும் தொண்டை கட்டின மாதிரி கேட்டது. காலையில் கடையைத் திறந்ததும் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு பெட்டியாகத் தட்டுவான். மத்தியானத்துக்குள் மறுபடி படிந்துவிடும். தட்டிக்கொண்டே ஆலையைத் திட்டுவான், ஆலை முதலாளியைத் திட்டுவான், முதலாளிக்கு இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளையும் விடமாட்டான்.

அப்புறம்தான் தங்கச்சி மகளுக்கு இழுப்பு வந்தது. அதற்குப் பிறகு ஸ்பீக்கர் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

ஏழு வயதுப் பெண். தலை மட்டும் உருண்டையாக, உடம்பு கம்பியாக இருப்பாள் என்பதால் குண்டூசி என்று பெயர் வைத்தவனே இவன்தான். பள்ளிக்கூடம் விட்டால் நேராக மாமா கடைக்கு வந்துவிடுவாள். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, ஜன்னல் பக்கம் படுக்கக்கூடாது என்று அவளுக்கு வீட்டில் ஏகப்பட்ட கூடாதுகள். பையில் எப்போதும் நீல நிற இன்ஹேலர் ஒன்று இருக்கும். டாக்டர் அவளுடைய நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, சட்டையை மாற்றச் சொல்கிற மாதிரி, "ஊரை மாத்திடுங்க" என்றார். எங்கே போவது? அவளுடைய அப்பா அந்த ஆலையில்தான் சாம்பல் அள்ளுகிறான். சாயங்காலம் புருவம் வரைக்கும் வெளுத்துப்போய் வருவான். பின்பக்கம் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மகளைத் தொடுவான். ஆலைச் சம்பளத்தில்தான் மகளுக்கு மருந்து வாங்கினான்.

இந்த லட்சணத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு புகைபோக்கி கட்டப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. ஊரில் எதிர்ப்புக் குழு ஒன்று கூடியது. ஓய்வு பெற்ற வாத்தியார்தான் தலைவர். மைக் இலவசம் என்பதால் மைக்செட் தானாகவே துணைத்தலைவர் ஆனான்.

முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வாத்தியார் பேசினார். காற்றில் எவ்வளவு தூசி, கிணற்றில் எவ்வளவு பாதரசம், எத்தனை குழந்தைக்கு இழுப்பு என்று மாதக்கணக்கில் அலைந்து சேர்த்த கணக்கு. ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று சட்டம். மூன்றாவது நிமிடத்தின் முடிவில் மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தது, மைக் செத்தது. மனுஷன் அப்போதுதான் முன்னுரையை முடித்திருந்தார். மேடையிலிருந்த பெரிய அதிகாரி கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"சார், உங்க கணக்கு அவங்க காதுல ஏறல," என்றான் மைக்செட், திரும்பி வரும்போது. "காதுல ஏறுற மாதிரி ஒண்ணு வேணும்."

"உண்மையவிடப் பெருசா என்னப்பா வேணும்?"

"சத்தம் வேணும் சார்."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சத்தம் தானாகவே கடைக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாள் குண்டூசி காலர் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். "ஹலோ, மைக் டெஸ்டிங், எங்க மாமாவுக்குத் தலையில முடி கிடையாது, ஓவர்," என்று தெருவுக்கே அறிவிப்பு. மாமா சிரித்துக்கொண்டே ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். காற்று கிழக்கேயிருந்து திரும்பியது. அறிவிப்பு பாதியில் நின்றது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பெரிய பெட்டிகள் இரண்டும் வாசலில் ஓடிக்கொண்டிருந்தன. தெரு முழுக்க அந்த இழுப்பு கேட்டது. அடைத்த கதவின் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு விசில், அதற்கு அடியில் ஒரு கரகரப்பு. சைக்கிளில் போன ஆள் காலை ஊன்றி நின்றான். எதிர்ச் சலூனில் பாதிச் சவரத்தில் இருந்தவன் நுரையோடு வெளியே வந்தான். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதே விட்டாள்.

மைக்செட் பதறிப்போய் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தான். இழுப்பு அடங்கியது. ஆனால் அவன் கண் அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத் தொழிலில், ஒரு சத்தத்துக்கு ஒரு தெருவே நின்று அவன் பார்த்ததில்லை.

அடுத்த தடவை இழுப்பு வந்தபோது, கொஞ்சம் பொறுத்துக் கொடுத்தான். பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பொறுத்தான். விசில் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று ஒரு குமிழைத் திருகினான், கரகரப்பு நெஞ்சில் இடிக்க வேண்டுமென்று இன்னொன்றைத் திருகினான். குண்டூசி மாமாவுக்கு உதவி செய்கிற பெருமையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு எவ்வளவோ சுலபம். அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தான், பாவி.

பதிவைக் கொண்டுபோய் அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்தார்கள். அவர் கேட்கக்கூட இல்லை. "மெஷின்ல எந்தச் சத்தத்த வேணாலும் பண்ணலாம். சொல்ல வேண்டியத ஆள் நேர்ல வந்து சொல்லணும். அதான் ரூல்," என்றார்.

"அப்ப நேர்லயே வரோம் சார்," என்றான் மைக்செட்.

தங்கச்சி வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் பெரிய வழக்கு. மாப்பிள்ளை தலை துவட்டிக்கொண்டே நின்றான். தங்கச்சி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுச் சீப்பு பாதியில் நின்றது.

"ஏண்ணே, அது என்ன பொம்மையா, கூட்டத்துல கொண்டுபோய்க் காட்டுறதுக்கு?"

"காட்டலேன்னா இன்னும் ரெண்டு குழாய் வந்துரும். அப்புறம் இவளுக்கு இந்த இன்ஹேலரும் கேக்காது. டாக்டர் என்ன சொன்னாரு, நீயே சொல்லு."

தங்கச்சி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மச்சான், என் வேலைக்கு உலை வச்சிராதீங்க," என்றான் மாப்பிள்ளை. "அன்னிக்கு எங்களை எல்லாம் மஞ்சத் தொப்பி போட்டு முன்வரிசையில உக்கார வைக்கப் போறாங்க. கைதட்டச் சொல்லியிருக்காங்க. நான் அங்க உக்காந்திருக்கறப்ப எம் பொண்ண மேடை ஏத்துவீங்களா?"

"நீ கைதட்டு மாப்ள. நான் என் வேலையப் பாக்கறேன்."

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய்விட்டான். தங்கச்சி வெகுநேரம் சீப்பிலிருந்த முடியை உருவிக்கொண்டிருந்தாள். புருஷனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் முழித்த முழி இருக்கிறதே, அதைப் பார்த்திருந்தால் யாரும் மேலே வற்புறுத்தியிருக்கமாட்டார்கள். இவன் வற்புறுத்தினான்.

"மூணே நிமிஷம். கூட நான் இருக்கேன். மருந்து என் பாக்கெட்ல இருக்கும். என் உயிர் மாதிரி பாத்துக்கறேன், போதுமா?"

"மூச்சு திணறுச்சுன்னா அந்த நிமிஷமே குடுத்துரணும். பேச்ச முடிச்சிட்டுக் குடுக்கறேன்னு நிக்கக் கூடாது."

"நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சனா?"

தங்கச்சி இன்ஹேலரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கூட்டம் கம்பெனியின் சொந்த அரங்கத்திலேயே நடந்தது. ஆலைச் சாம்பலை ஏற்றிய லாரிகள் போகிற சாம்பல் சாலை ஓரத்தில் கட்டிய கட்டடம்தான், ஆனால் உள்ளே போனால் வேறு உலகம். ஒரு கண்ணாடிக் கதவு, அதற்குள் இன்னொரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஏ.சி. ஓடுகிற சத்தம்கூட வெளியே தெரியவில்லை. நாற்காலி மேல் விரலால் கோடு போட்டுப் பார்த்தான் மைக்செட். விரல் சுத்தமாக இருந்தது. தங்கள் பெரிய மனிதர்கள் மூச்சுவிடுவதற்கு எப்படிப்பட்ட காற்று வேண்டும் என்பது கம்பெனிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

முன்வரிசைகள் முழுக்க மஞ்சள் தொப்பி. அதில் மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளை, மடியில் கைகளை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். பெண்களுக்குத் தனியாக இடப்பக்கம் இடம் போட்டிருந்ததால் தங்கச்சி அந்தக் கோடியில். குண்டூசி மாமாவின் பக்கத்தில். ஒலி அமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் தொழில்வழிப் பழக்கம். மைக்செட் தன் காலர் மைக்கை அரங்கத்தின் மிக்சரில் சேர்த்துக்கொள்ள அவன்தான் கண்ணைக் காட்டி அனுமதித்தான்.

காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் கம்பெனிக்கு வேண்டியவர்கள் பேசினார்கள். வளர்ச்சி, வெளிச்சம், வேலைவாய்ப்பு. மஞ்சள் தொப்பிகள் கைதட்டின. சாப்பாட்டுக்குப் பிறகுதான் எதிர்ப்புக் குழுவின் முறை. வாத்தியார் வரிசையில் இவர்களுக்கு அப்புறம் இருந்தார், காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இன்னும் நாலு பேர் பேசிவிட்டால் மைக்செட்டின் முறை.

அவன் குனிந்து குண்டூசியின் முதுகில் காதை வைத்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. விசில் இல்லை, கரகரப்பு இல்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்தது, சத்தியமாக இருந்தது. இப்போது மூச்சு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் நிறம்கூட ஏறியிருந்தது. இப்படி ஒரு காற்றை அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து சுவாசித்ததில்லை.

"மாமா," என்றாள் காதோடு. "இங்க நல்லா இருக்கு மாமா. நாம இங்கயே இருந்துக்கலாமா?"

அவனுக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியாகிவிட்டதே என்று பிசைந்தது. அப்படி ஒரு வயிறு அவனுக்கு அன்றைக்கு வாய்த்திருந்தது. மேடையேறி மைக்கைக் குத்தினால் ஆரோக்கியமான குழந்தையின் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்கும். டை கட்டிய கம்பெனி அதிகாரி எழுந்து நின்று கைகூப்பி நன்றி சொல்வான். எல்லாம் பாழ்.

"வாடா கண்ணு, ஒண்ணுக்குப் போயிட்டு வரலாம்," என்றான்.

"எனக்கு வரல மாமா."

"வரும், வா."

பக்கக் கதவு பின்புறம் திறந்தது. அங்கேதான் சாம்பல் சாலை. மேலே தார்ப்பாய் போடாத லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடந்து போனபிறகு கொஞ்ச நேரத்துக்கு எதிர்ச் சுவர் தெரியவில்லை. மைக்செட் கைக்குட்டையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். இதை அவன் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. ஆனாலும் செய்தான்.

"அதோ அந்தப் போஸ்ட் தெரியுதில்ல? ஓடிப்போய்த் தொட்டுட்டு வா பாக்கலாம்."

குண்டூசி அவனை அண்ணாந்து பார்த்தாள். "நெஜமாவா மாமா? ஓடலாமா?"

"ஓடு."

"அம்மா திட்டும்."

"நான் சொல்லிக்கறேன். ஓடு."

ஓடினாள். ஓடத் தெரியாத ஓட்டம், கைகள் இரண்டும் எங்கெங்கோ போயின. போஸ்ட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். வாயெல்லாம் சிரிப்பு. "இன்னொரு தடவ மாமா," என்று அவளே கேட்டாள். கேட்டுவிட்டு அவளே ஓடினாள். மூன்றாவது தடவை பாதி வழியில் லாரி ஒன்று கடந்தது, பிள்ளை சாம்பலுக்குள் காணாமல் போய்த் திரும்பி வந்தாள். அப்போது சிரிப்பு இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

மைக்செட் மண்டியிட்டு அவள் முதுகில் காதை வைத்தான். விசில் வந்துவிட்டது. அடியில் கரகரப்பும் வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"மாமா, மருந்து."

"தரேன்டா கண்ணு. மேடைக்குப் போயிட்டு வந்த உடனே தரேன். நம்ம கடையில செய்வோமில்ல, அந்த மாதிரி."

அவள் தலையாட்டினாள். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உள்ளே அவர்களுடைய வரிசை எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே மேடை ஏறினான். நாற்காலியில் உட்கார வைத்தான், கழுத்துக்குக் கீழே காலர் மைக்கைக் குத்தினான், அதன் சின்னப் பெட்டியை இடுப்பில் செருகினான், சுவிட்சைப் போட்டான்.

அரங்கம் அப்படியே அடங்கிப்போனது.

கடையில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த அரங்கத்தின் சுவர்கள் சத்தத்துக்காகவே கட்டினவை. பிள்ளை இழுத்த ஒவ்வொரு மூச்சும் கூரையிலிருந்து இறங்கி ஒவ்வொருவர் பிடரியிலும் விழுந்தது. பெரிய அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். டை கட்டியவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் தொப்பிகளில் பாதிப் பேர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். வாத்தியார் காகிதக் கட்டை மடக்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது எம் மருமக," என்றான் மைக்செட். "நான் ஒண்ணும் பேசப் போறதில்லீங்க. உங்க குழாய் ரெண்டும் எங்க புள்ளைங்க நெஞ்சுக்குள்ள என்ன பேசுதுன்னு நீங்களே கேளுங்க. இன்னும் ரெண்டு வச்சா எப்படிக் கேக்கும்னு யோசிச்சுப் பாத்துக்கங்க."

ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. மேடையிலிருந்தே தெரிந்தது. அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார், அவர் தலையாட்டினார். குண்டூசியின் கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. பைக்குள் போகப் பார்த்தது. அவன் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக அவள் மடியில் வைத்தான்.

"ஒரு நிமிஷம்டா. இன்னும் ஒரே நிமிஷம்."

கை மறுபடி வந்தது. மறுபடி எடுத்து வைத்தான். மூன்றாவது தடவை அது வரவில்லை.

விசில் மெலிந்தது. கரகரப்பு நின்றது. பிறகு பெட்டிகளில் எதுவுமே இல்லை.

மைக்செட் ஒயரைத் தொட்டுப் பார்த்தான்.

இறுக்கமாகத்தான் இருந்தது. மைக்கின் தலையை விரலால் தட்டினான். டொக், டொக் என்று அரங்கம் முழுக்கக் கேட்டது. அப்படியானால் லைன் இருக்கிறது. ஆபரேட்டரைப் பார்த்து, கூட்டு, கூட்டு என்று கை காட்டினான். ஆபரேட்டர் கூட்டினான். ஊளைதான் கேட்டது. பேட்டரியாக இருக்கும், போன வாரம் போட்டது, இந்தச் சனியன் சரியான நேரத்தில்தான் காலை வாரும் என்று முனகிக்கொண்டே பிள்ளையின் இடுப்பிலிருந்த பெட்டியைக் கழற்றினான். மூடியைத் திறந்து பழைய பேட்டரியை எடுத்தான், பேன்ட் பையிலிருந்து புதியதை எடுத்து, முனை மாறிப்போய், திருப்பிப் போட்டு மூடினான். அதற்கே நேரம் பிடித்தது. தங்கச்சி அந்தக் கோடியிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். சொந்தப் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவன் திரும்பவில்லை.

"ஹலோ," என்றான் பிள்ளையின் கழுத்தருகே குனிந்து. ஹலோ என்பது நன்றாகக் கேட்டது. புதுப் பேட்டரி அல்லவா.

மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மூச்சுக்குழல் முழுக்க அடைத்துக்கொண்டால் விசில் வராது. காற்று போனால்தானே விசில் வரும். இதைப் பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். அரங்கத்தில் அதை முதலில் புரிந்துகொண்டவன் மஞ்சள் தொப்பி போட்ட சாம்பல் அள்ளுகிறவன்தான். இரண்டு வரிசை நாற்காலிகளை மிதித்துத் தாண்டிக்கொண்டு வந்தான். மச்சானை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அவன் சட்டைப்பையைக் கிழித்து இன்ஹேலரை எடுத்து மகள் வாயில் வைத்து அழுத்தினான். அழுத்தினான், அழுத்தினான். உள்ளே இழுக்க அங்கே மூச்சு இல்லை. மருந்து அவள் உதட்டிலிருந்து வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. ஆபரேட்டர் அணைக்க மறந்த காலர் மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் "பாப்பா, இழு, பாப்பா, இழு" என்று சொன்னது முழுக்க அரங்கத்துக்கே கேட்டது.

கம்பெனி ஆம்புலன்ஸ்தான் வந்தது. குளிர்சாதனம், ஆக்சிஜன் எல்லாம் வைத்த அருமையான வண்டி. பிள்ளையைக் கொண்டுபோனது, உயிரோடு கொண்டுவரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் கம்பெனி ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுதான் கொடுமை. பின்புறச் சுவரில் கேமரா இருந்தது. குண்டூசி ஓடியதும், திரும்பி ஓடியதும், மாமா மண்டியிட்டுக் காது வைத்ததும், பிள்ளை கை நீட்டி மருந்து கேட்டதும் அதில் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. நாடே பார்த்தது. மருந்தை மறைத்து வைத்துக்கொண்டு குழந்தையைச் சாகடித்த போராட்டக்காரர் என்று எல்லா சேனலிலும் ஓடியது. சாம்பல் சாலையில் அந்தப் பிள்ளை ஏன் மூச்சுத் திணறியது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அறிக்கையில் 'உறவினரின் அலட்சியம்' என்று எழுதினார்கள். சாம்பல் என்ற சொல்லே அதில் இல்லை. வாத்தியாரின் காகிதக் கட்டை படிக்கப்படவே இல்லை. தெருவில் எதிரே வந்தால் அவர் மைக்செட்டைப் பார்க்காத மாதிரி அடுத்த பக்கம் போய்விடுவார். எதிர்ப்புக் குழு என்று சொல்லிக்கொள்ளவே ஆட்கள் கூசினார்கள். அனுமதி சுலபமாகக் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று நாள் முழுக்க நிலத்தில் தூண் இறக்கிக்கொண்டிருக்கிறது. கம்பெனி அனுதாபத்தோடு மாப்பிள்ளையின் வேலையை நிரந்தரமாக்கிவிட்டது. அவனும் போகிறான். போகாமல் என்ன செய்வான்? சாயங்காலம் வந்து வழக்கம்போலப் பின்பக்கம் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்கிறான். தொடுவதற்குத்தான் யாருமில்லை.

போலீஸ் மைக்செட்டை அழைத்துப் போனது உண்மை. தங்கச்சிதான் போய், தனக்குப் புகார் ஒன்றும் இல்லை, அண்ணனை வெளியே விடுங்கள் என்று மன்றாடினாள். வழக்கு எப்போது வருமோ வரட்டும் என்று ஜாமீனில் விட்டார்கள். எவ்வளவு நல்ல மனசு என்று ஊர் மூக்கின் மேல் விரலை வைத்தது. மைக்செட்கூட அப்படித்தான் நினைத்து அவள் காலில் விழப் போனான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"கடையத் திறண்ணே," என்றாள்.

இப்போது தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அவள் கடைக்கு வருகிறாள். குண்டூசி உட்காருகிற பெட்டிமேல் உட்காருகிறாள். அண்ணன் முகத்தைப் பார்ப்பதில்லை.

"போடு," என்கிறாள்.

முதல் நாள் அவனுக்கு எதைப் போடுவது என்று புரியவில்லை. புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாம்மா. உன் போன்ல அவ பாடினது, சிரிச்சது எல்லாம் இருக்குமே. அதப் பெருசாப் போட்டுத் தரேன்."

"அதுல எங்கிட்டப் பேசறா. நான் வீட்டுல கேட்டுக்கறேன். இதுல உங்கிட்டப் பேசறா. இதப் போடு."

போட்டான். அன்றிலிருந்து போடுகிறான். பெரிய பெட்டிகள் இரண்டிலும் அந்த விசில் எழுகிறது, அடியில் கரகரப்பு. அவன் குமிழ் குமிழாகத் திருகித் தெளிவாக்கியது அத்தனையும் அப்படியே இருக்கிறது. சலூன்காரன் கதவைச் சாத்திக்கொள்கிறான். தெருவில் போகிறவர்கள் நடையை எட்டிப் போடுகிறார்கள், இப்போது யாரும் நிற்பதில்லை. இழுப்புக்கு நடுவில் பிள்ளையின் குரல் வருகிறது. "போதுமா மாமா?" அதற்கு அவனுடைய குரல், செல்லமாக, அவசரமில்லாமல். "இன்னும் கொஞ்சம்டா கண்ணு." மறுபடி விசில். அப்புறம் பதிவு முடிந்துவிடுகிறது.

பெட்டிகளில் சத்தம் நின்றதும், ஒவ்வொரு நாளும், அவனையறியாமல் மைக்செட்டின் கை பின்னால் போய் ஒயரைத் தொடுகிறது.

"ஒயரெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு," என்கிறாள் தங்கச்சி. "திரும்பப் போடு."